டர்பன் வீட்டுக்குக் கேபிள் மோடம் எதற்கு?

அண்ணா, அமெரிக்காவிலிருந்து டாக்சிஸ் (கேபிள் இணையத்துக்கான தொழில்நுட்ப முறை) 3.0-க்குப் பதில் 3.1 மோடம் வரவழைத்தால் டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டிலும் இணையம் வேகமாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். 3.1 வேகமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் கேபிள் டிவி கம்பி வழியே இணையம் தரும் ஊர்களுக்குத்தான் அது. தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் ஃபைபர், இல்லையென்றால் எல்டிஇ என்ற மொபைல் இணையம். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த டிவி கம்பியைப் பார்த்தால் இங்கேயும் கேபிள் இணையம் இருக்குமோ என்ற சந்தேகம் யாருக்கும் வரும். அதைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள், கூரையில் டிஎஸ்டிவி என்ற செயற்கைக்கோள் டிவியின் டிஷ்ஷில் போய் நிற்கும். பிறகு ஃபைபர் பெட்டியின் பின்புறம் பாருங்கள். உள்ளே நுழைவது மெல்லிய கண்ணாடி இழை. கேபிள் மோடத்தின் திருகு முனையில் அது பொருந்தவே பொருந்தாது. மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் வைஃபை ரவுட்டரை மாற்றுங்கள், அது அந்தப் பெட்டியோடு ஈதர்நெட் வயரில் சேரும்.