ஏழே ஏழு நாக்அவுட் வைத்திருந்தவர் ஏன் கிளவுஸைக் கழற்றினார்?

போன வாரம் வாட்ஸாப் குழுவில் ஒரு நண்பர் முப்பது விநாடி வீடியோ ஒன்றைப் போட்டார். கூடவே, "உலக சாம்பியனாம்! கிளவுஸ் இல்லைன்னதும் வண்டவாளம் தெரிஞ்சுபோச்சு" என்று ஒரு வரி, நாலைந்து சிரிப்பு எமோஜி. வீடியோவில் இருந்தவர் பாலி மலினாஜி. எதிரில் ஆர்டெம் லோபோவ். 2019 ஜூன் 22, புளோரிடா மாநிலம் டாம்பா. வெறுங்கைக் குத்துச்சண்டை.

அந்தச் சண்டையை நான் முழுதாகப் பார்த்தவன். நம் ஊருக்கு அது ஞாயிறு காலை. அப்போதிருந்தே இந்தக் கேலி எனக்கு ஒத்துவரவில்லை. குழுவில் எழுதினால் 'ஆரம்பிச்சுட்டான்' என்பார்கள். அதனால் இங்கே.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். நியூயார்க் புரூக்ளினில் பென்சன்ஹர்ஸ்ட் பகுதிக்காரர், இத்தாலியக் குடும்பம். 2001இல் தொழில்முறைக்கு வந்தார். 2007 ஜூனில் லவ்மோர் என்டூவைப் புள்ளிகளில் வென்று 140 பவுண்டு எடைப்பிரிவில் ஐ.பி.எஃப். என்ற அமைப்பின் உலகப் பட்டம். 2012 ஏப்ரலில் உக்ரைனின் டோனெட்ஸ்க் வரைக்கும் போய், அங்கே அவர்கள் நாட்டுக்காரரான செஞ்சென்கோவை ஒன்பதாம் சுற்றில் நிறுத்தி 147 பவுண்டில் டபிள்யூ.பி.ஏ. என்ற இன்னொரு அமைப்பின் உலகப் பட்டம். இரண்டு எடைப்பிரிவில் உலக சாம்பியன். மொத்தக் கணக்கு 36 வெற்றி, 8 தோல்வி.

அந்த 36 வெற்றியில் நாக்அவுட் எத்தனை? ஏழு.

இந்த ஏழில்தான் அவர் கதை முழுக்க இருக்கிறது. குத்தில் கனம் இல்லை, சரி. ஆனால் அதற்கு ஒரு காரணம் உண்டு. வலது கை. தொழிலின் ஆரம்பத்திலிருந்தே உடைவதும், அறுவை சிகிச்சை செய்வதும், ஆறியதும் திரும்ப உடைவதுமாகவே போனது. ஒவ்வொரு குத்தும் தன் எலும்புக்கும் சேர்த்துத்தான் என்று தெரிந்த ஆள் எப்படிச் சண்டை போடுவார்? கால்களால் போடுவார். இடது கையைச் சட்டென்று நேராக நீட்டி எடுக்கும் ஜாப் என்ற குத்தால் போடுவார். தலையை நூல் அளவு நகர்த்தி, எதிராளியைக் காற்றில் குத்தவைத்துப் போடுவார். மலினாஜி அப்படித்தான் வண்டி ஓட்டினார். பட்டப்பெயர் 'மேஜிக் மேன்'.

கை எலும்பு பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். கல்லூரியில் ஒரு நாள் ஏதோ கோபத்தில் விடுதிக் கதவைக் குத்தினேன். சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் முட்டி உள்ளே போய்விட்டது. எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர் தலையைத் தூக்காமலே, "யாரை அடிச்சீங்க? சுவரா, கதவா?" என்று கேட்டார். தினமும் பார்க்கிறாராம். ஆங்கிலத்தில் அந்த முறிவுக்குக் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே பெயர். மூன்று வாரம் மாவுக்கட்டு. இடது கையால் சாப்பிட்டதில் சட்டைகள் பாழானதுதான் மிச்சம்.

மனிதக் கை அடிப்பதற்காகச் செய்யப்பட்டதில்லை. எதிரே இருப்பது மண்டை ஓடு, இந்தப் பக்கம் இருப்பது குச்சி குச்சியான எலும்புகள். கிளவுஸ் போடுவது அடி வாங்குகிறவனைக் காப்பாற்ற என்று பலரும் நினைக்கிறார்கள். அது முக்கியமாகக் காப்பாற்றுவது அடிப்பவனின் கையை. கையைப் பற்றிய பயம் போனதால்தான் தலையை நோக்கி அத்தனை குத்துகள் கிளம்புகின்றன. 1889 ஜூலையில் மிசிசிப்பியில் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெயினும் வெறுங்கையோடு வெயிலில் 75 சுற்று, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக மோதினார்கள். இப்போதைய ஆட்களைப் போல் விநாடிக்கு விநாடி தலையில் இறக்கிக்கொண்டிருந்தால் அது நடக்குமா? அப்போது யாராவது விழுந்தால் சுற்று முடிந்தது. பிடித்துத் தள்ளலாம், கட்டிப்பிடித்துச் சாய்க்கலாம். வேறு விளையாட்டு அது.

அதற்காக வெறுங்கைதான் பத்திரம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். 2021இல், டாம்பா சண்டையை நடத்திய அதே அமைப்பின் மேடையில் பத்தொன்பது விநாடியில் விழுந்த ஒரு வீரர் பிறகு எழவே இல்லை. சில வாரங்களில் இறந்துபோனார்.

மலினாஜிக்கு வருகிறேன். அவரைப் பிடிக்க எனக்கு ஒரே ஒரு சண்டை போதும். 2006 ஜூன் 10, நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம், எதிரே புவெர்டோ ரிக்கோவின் மிகெல் கோட்டோ. மறுநாள் நியூயார்க்கில் புவெர்டோ ரிக்கோ மக்களின் ஊர்வலம். அரங்கம் முழுக்க கோட்டோவின் ஆட்கள். முதல் சுற்றிலேயே தலை மோதி மலினாஜிக்குக் கண்ணருகே கிழிந்தது. இரண்டாம் சுற்றில் தரையில் விழுந்தார். கண்ணைச் சுற்றிய எலும்பு உடைந்து முகத்தின் ஒரு பாதி வீங்கி, பார்க்கவே ஒருமாதிரி இருந்தது. சாதாரணமாக அந்த இடத்தில் மூலையில் உட்கார்ந்துவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இவர் உட்காரவில்லை. உடைந்த முகத்தோடு பன்னிரண்டு சுற்றும் நின்று, நடுவில் சில சுற்றுகளை ஜெயிக்கவும் செய்தார். தோல்விதான். கனமில்லாத கை, உடைந்த முகம், எதிரே கோட்டோ! இவரைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து அந்த ஒரு சண்டையைத் தேடிப் பாருங்கள்.

வாய் மட்டும் அடங்காது. அதையும் சொல்லிவிட வேண்டும். 2009 ஆகஸ்டில் ஹூஸ்டனில் ஹுவான் டியாஸோடு மோதினார். டியாஸின் சொந்த ஊர். நடுவர்கள் கொள்ளையடிக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொன்னார். கடைசியில் ஒரு நடுவர் 118-110 என்று ஒருதலையாக டியாஸுக்குப் போட, ரிங்கிலேயே மைக்கில் கொட்டித் தீர்த்தார். அன்றைக்கு அவர் பக்கம் நியாயம் இருந்தது. நாலு மாதத்தில் சிகாகோவில் மறுபடி மோதி, வென்றும் காட்டினார். எல்லா நாளும் நியாயம் இருக்காது, வாய் மட்டும் இருக்கும். மான்செஸ்டரில் ஒரு பட்டச் சண்டைக்கு நீளமான சடைகளோடு வந்து, அவை கண்ணில் விழுந்து விழுந்து, சுற்றுகளுக்கு நடுவில் பயிற்சியாளர் கத்திரிக்கோலால் வெட்டிவிட வேண்டியதாயிற்று. உலகப் பட்டச் சண்டையின் நடுவில் முடிவெட்டு! அலங்காரமும் வீம்பும் திறமையும் ஒரே உடம்பில் குடித்தனம் நடத்திய ஆள்.

அந்த வீம்புதான் டாம்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போனது. 2017 மார்ச்சில் லண்டனில் சாம் எகிங்டனிடம் விலாப்பக்கம் வாங்கிய குத்தில் விழுந்து, ஓய்வு பெற்றுவிட்டார். டிவி வர்ணனை வேலை கையில் இருந்தது. நன்றாகவும் பேசுவார். அதே வருடம் உதை, பிடி, குத்து எல்லாம் கலந்த சண்டைக்காரரான கோனர் மெக்ரெகர், குத்துச்சண்டை ஜாம்பவான் மேவெதரோடு மோதத் தயாரானபோது பயிற்சிச் சண்டைக்கு இவரை அழைத்தார்கள். போனார். அங்கே இவர் தரையில் கிடக்கும் ஒரு படம் வெளியே வந்தது. 'தள்ளிவிட்டார்கள், குத்தால் விழவில்லை, முழு வீடியோவை வெளியிடுங்கள்' என்று இவர் கத்தினார். சில விநாடித் துண்டுகள்தான் வந்தன. முகாமை விட்டு வெளியேறினார். மெக்ரெகரை ரிங்கில் பிடிக்க முடியாது. ஆனால் அவருடைய நண்பர் லோபோவ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். மெக்ரெகர் ஆடிய அதே கலப்புச் சண்டை அமைப்பான யுஎஃப்சியில் இரண்டு வெற்றி, ஐந்து தோல்வி வைத்திருந்த லோபோவ். பகை அங்கே திரும்பியது.

என் குறை இந்த இடத்தில்தான். 38 வயதில், உடைந்து உடைந்து ஒட்டிய கையோடு, அந்தக் கைக்கு இருந்த ஒரே பாதுகாப்பையும் கழற்றிவைக்கச் சொல்லும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். லாரி டிரைவர் பிரேக்கைக் கழற்றிவிட்டு மலைப்பாதையில் இறங்கின மாதிரி. இதைத் தைரியம் என்று நான் சொல்ல மாட்டேன். வறட்டு ரோஷம்.

அப்புறம் விதிகள். பன்னிரண்டு மூன்று நிமிடச் சுற்றுகளில் ஆளை மெல்லச் சலிக்கவைத்து ஜெயித்தவருக்கு இங்கே இரண்டு நிமிடம் வீதம் ஐந்தே சுற்று. ரிங் வட்டம். மூலை இல்லை, ஓட இடமும் குறைவு. சுற்று தொடங்கும்போது இரண்டு பேரும் நடுவில் கோட்டில் கால் வைத்து நேருக்கு நேர் நிற்க வேண்டும். கட்டிப்பிடித்தால் நடுவர் உடனே பிரிக்க மாட்டார். ஒரு கையால் பின்கழுத்தைப் பிடித்து மறு கையால் குத்தலாம். கையில் சுற்றும் துணி முட்டிக்கு ஓர் அங்குலம் முன்பே நின்றுவிட வேண்டும். மலினாஜியின் வித்தையில் பாதி அங்கே செல்லாக்காசு. லோபோவுக்கோ கட்டிப்பிடிச் சண்டை பழகிய சோறு. வெறுங்கையில் ஏற்கெனவே ஒரு ரத்தக்களறியைப் பார்த்து வந்தவரும்கூட.

அப்படியும் என்ன நடந்தது? முதல் சுற்றுகளில் மலினாஜி தூரத்தில் நின்று குத்தினார். லோபோவ் முகத்தில் ரத்தம். போகப் போக லோபோவ் உள்ளே புகுந்து, பிடித்து, அடித்தார். மூன்று நடுவர்களும் லோபோவுக்கு 48-47. ஒரே ஒரு சுற்று வித்தியாசம். யாரும் யாரையும் துவைத்துப் போடவில்லை. முப்பது விநாடித் துண்டில் இது தெரியாது. என் கணக்கிலும் லோபோவ்தான், ஆனால் மயிரிழையில். சண்டை முடிந்ததும் மலினாஜி சொன்னது: கை உடைந்துவிட்டது. பிறகு பல வருடம் அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

"அப்படின்னா பாக்ஸருக்கு வெறுங்கை ஒத்துவராது, அதானே?" என்று குழுவில் கேட்டார்கள். இல்லை. ஆஸ்டின் ட்ரவுட்டைப் பாருங்கள். மலினாஜி முகம் உடைந்த அதே மாடிசன் ஸ்கொயர் கார்டனில், அதே கோட்டோவை 2012 டிசம்பரில் புள்ளிகளில் தோற்கடித்த ஆள். டபிள்யூ.பி.ஏ. சாம்பியன். 2023 பிப்ரவரியில் அல்புகெர்க்கியில் கிளவுஸ் இல்லாமல் இறங்கி, யுஎஃப்சியின் பழைய பெருச்சாளி டியேகோ சான்செஸை நாலாம் சுற்றில் முடித்தார். 2024 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில், வெறுங்கையில் அதுவரை யாரிடமும் தோற்காத லூயிஸ் பலோமினோவை வென்று அங்கேயும் பட்டம் வாங்கினார். இடதுகைக்காரர், கட்டான உடம்பு, பொறுமைசாலி. யார் மேலும் கோபம் இல்லாமல், வேலைக்குப் போகிற மாதிரி போனார். எனக்குத் தெரிந்து பெரிய வித்தியாசம் இதுதான். கை எலும்பும்கூட.

ஒன்று கவனித்தேன். மலினாஜி புரூக்ளினில் ஏட்ரியன் புரோனரிடம் தன் இரண்டாவது உலகப் பட்டத்தை இழந்தது 2013 ஜூன் 22. மூன்று நடுவர்களில் இரண்டு பேர் புரோனர் பக்கம், ஒருவர் இவர் பக்கம். சரியாக ஆறு வருடம் கழித்து, அதே ஜூன் 22இல்தான் டாம்பா. முதலாவதைப் பற்றி யாரும் வீடியோ அனுப்புவதில்லை. குழு நண்பருக்கு கோட்டோ சண்டையின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன், பன்னிரண்டு சுற்றும் சேர்த்து. இரண்டு நீலக்கோடு விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.