சூனியக்காரி துப்பறிந்தால் அது மோசடியா?

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால் அதை மறுபடி விரிவாகச் சொல்லப் போவதில்லை. சூனியக்காரி ஒருத்தி துப்பறியும் நாவலைப் பற்றி நான் பேச, மூத்த விமர்சகர் ஒருவர் அந்த வகைக் கதைகளையே ஒதுக்கித் தள்ள, கூட்டம் சிரித்தது. இத்தனை நாட்களாக நான் எதுவும் எழுதவில்லை. அந்தக் காணொளித் துண்டை, பின்னணியில் எழுந்த சிரிப்பொலியோடு சேர்த்து, நண்பர் ஒருவரே நேற்றிரவு எனக்கு அனுப்பி வைத்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

மூத்த விமர்சகரின் தீர்ப்பு இரண்டே வாக்கியங்களில் முடிந்தது. மந்திரம் தெரிந்த கடைக்காரி ஒருத்தி சிற்றூர்க் கொலைகளைத் துப்பறிவது வாசகரை ஏமாற்றும் வேலை என்பது முதலாவது. ரத்தம் சிந்தாத இந்த ‘அடுக்களைக் கொலைகளை’ வளர்ந்தவர்கள் படிக்க வேண்டியதில்லை என்பது இரண்டாவது. முதலாவதற்குச் சாட்சியாக ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸை வேறு அழைத்து வந்தார்.

நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில் இரண்டாவது, இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்திகளுக்குக் கதையில் இடமில்லை என்றுதான் சொல்கிறது. அற்புதங்களை நம்பும் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரே அவற்றைக் கதைக்குள் நுழைய விடவில்லை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். ஆனால் விமர்சகர் இரண்டாவது விதியோடு நிறுத்திக்கொண்டார். மற்ற விதிகளையும் படித்திருந்தால், தற்செயல் நிகழ்வு துப்பறிபவருக்கு உதவக் கூடாது, விளக்க முடியாத உள்ளுணர்வு பலிக்கக் கூடாது, அவர் கண்ட தடயத்தை உடனே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்றெல்லாம் நாக்ஸ் சொல்வதன் நோக்கம் விளங்கியிருக்கும். வாசகரிடம் நேர்மையாக நடந்துகொள் என்பதுதான் அது. மந்திரத்தால் எது முடியும், எது முடியாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, அந்த வரம்பை மீறாமல் எழுதுகிறவர் யாரை ஏமாற்றுகிறார்? மந்திரம் அறிவியலாகவே பயிலப்படும் ஓர் உலகத்தில் துப்பறியும் டார்சி பிரபுவை ராண்டல் கேரட் 1964லேயே எழுதத் தொடங்கிவிட்டார். அவை முறையான துப்பறியும் கதைகள்தாம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

நான் அன்று சொல்ல முயன்று, பாதியில் ஒலிவாங்கி பிடுங்கப்பட்டதால் சொல்லாமல் விட்டது இதுதான்: ரத்தமும் வன்முறையும் கண்ணில் படாமல் சிற்றூரில் நடக்கும் இதமான துப்பறியும் கதைக்கு ‘கோசி’ (cozy) என்று பெயர்; நல்ல ‘கோசி’ மர்மக் கதையில் மந்திரம் கொலையாளியைக் கண்டுபிடிப்பதில்லை. நான் பேச எடுத்துக்கொண்ட நாவலில், பொய் சொல்கிறவர் தொட்டால் கடையின் பித்தளை மணி நடுங்கும். யார் பொய் சொல்கிறார் என்பது நாயகிக்கு மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்து என்ன பயன்? என்ன பொய், எதற்காகப் பொய் என்று மணி சொல்வதில்லை. அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவும் முடியாது. எனவே அவள் மற்ற எந்தத் துப்பறிவாளரையும் போலப் பற்றுச்சீட்டுகளைப் புரட்டுகிறாள், யார் எந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று விசாரிக்கிறாள், கடைக்குள் கால் வைத்ததே இல்லை என்று சாதிக்கும் ஒருவருக்கு உள்ளறைக் கடிகாரம் மெதுவாக ஓடுவது எப்படித் தெரிந்தது என்று யோசிக்கிறாள். அந்தக் கடிகாரம் வாசகருக்கும் முன்பே காட்டப்பட்டிருக்கிறது. மந்திரம் அவளுடைய வேலையைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது. இதில் மோசடி எங்கே?

இப்படிப்பட்ட கதைகள் சூனியம் பற்றிய மூடநம்பிக்கையை வளர்க்காதா என்று முற்போக்கு நண்பர்கள் சிலர் கேட்பார்கள். கேட்கட்டும், நானும் கேட்கிறேன். 1692இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளில் முதலில் குற்றம்சாட்டப்பட்ட மூன்று பெண்கள் யார்? பிச்சையெடுத்துப் பிழைத்த ஒருத்தி, தேவாலயத்துக்குப் போகாமல் இருந்த ஒருத்தி, அடிமையாக இருந்த ஒருத்தி. இன்னாருடைய ஆவியுருவம் வந்து என்னைத் துன்புறுத்தியது என்று ஒருவர் சொன்னால் அதையே சாட்சியமாக ஏற்றுக்கொண்டது அன்றைய நீதிமன்றம். பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள். முதியவர் ஒருவர் கற்களால் நசுக்கிக் கொல்லப்பட்டார். அந்த நீதிமன்றம் கலைக்கப்பட்டு, 1693இல் புதிய நீதிமன்றம் அத்தகைய சாட்சியத்தை ஒதுக்கிய பிறகுதான் பெரும்பாலோர் விடுதலையானார்கள். இப்போது இந்தக் கதைகளின் வழக்கமான தொடக்கத்தைப் பாருங்கள். ஊரில் ஒருவர் இறந்ததும் முதல் சந்தேகம் மூலிகை விற்கும் அந்தக் கடைக்காரியின் மேல்தான் விழுகிறது. ஊர் வதந்தியை நம்புகிறது, அவளோ தடயத்தைத் தேடுகிறாள். கூட்டத்தில் பகுத்தறிவோடு நடந்துகொள்ளும் ஒரே ஆள் சூனியக்காரியாக இருப்பதைவிட மூடநம்பிக்கைக்கு வேறென்ன மறுப்பு வேண்டும்?

இந்த வகை நூல்கள் எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை என்ற குற்றச்சாட்டுக்குப் பெரிய பதில் தேவையில்லை. பல நூல்கள் அப்படித்தான் இருக்கின்றன. பூனை இருக்கும், அழகான காவல் அதிகாரி இருப்பார், ஊரில் யாருக்கும் பிடிக்காத ஆள்தான் சாவார். ‘தீவிர’ நாவல்களில் குடித்துவிட்டு மழையை வெறிக்கும் எழுத்தாளர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை.

ரத்தம் இல்லை என்ற புகாருக்கு வருகிறேன். என் அக்கா அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். இந்த வகை நூல்களை எனக்கு அறிமுகப்படுத்தியவரே அவர்தான். வேலை முடிந்து வந்து, கால்களை வெந்நீரில் வைத்தபடி, சந்தேகத்துக்குரியவர்களின் பெயர்களைப் புத்தக அடையாளச் சீட்டில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார். கொஞ்சம் கனமான நூல் எதையாவது படிக்கக் கூடாதா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, “நாள் முழுக்க நிஜ ரத்தத்தைத்தான் துடைக்கிறேன், இங்கே வந்தும் அதையேவா பார்க்கணும்?” என்றார். வலியைப் பற்றி அவருக்குத் தெரியாத எதை, சாய்வு நாற்காலியில் அமர்ந்து கொலைக் காட்சிகளின் ‘யதார்த்தத்தை’ மெச்சுகிறவர்கள் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள்?

இரும்பு நெஞ்சம் கொண்ட உளவாளி ஒருவன் ஒரே அத்தியாயத்தில் முப்பது பேரைச் சுட்டுத் தள்ளும் நாவலைப் பற்றி அதே மேடையில் அரை மணி நேரம் பேசினார்கள். யாரும் சிரிக்கவில்லை. அடுப்படி, கடை, கம்பளி, பூனை என்று வந்தால் மட்டும் சிரிப்பு வருகிறது. அகதா கிறிஸ்டி 1927இல் மிஸ் மார்ப்பிள் என்ற துப்பறியும் மூதாட்டியை முதன்முதலாக அறிமுகப்படுத்திய சிறுகதையிலும், அறையில் இருப்பவர்கள் அந்த முதியவளைப் பொருட்படுத்துவதில்லை. விடை அவளிடம்தான் இருக்கிறது. ஏறத்தாழ நூறாண்டுகள் ஆகியும் சிரிப்பவர்கள் மாறவில்லை. அவர்களோடு சேர்ந்து சிரித்தவர்களில் என்னிடம் இதே வகை நூல்களை இரவல் வாங்கிச் சென்ற இருவரும் இருந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களே இதைப் படிப்பார்கள். புத்தகங்களையும் திருப்பிக் கொடுத்தால் நல்லது.

விமர்சகருக்காகப் பின்னூட்டத்தில் வாதாட வருகிறவர்கள், அந்த நாவலில் விஷம் எதில் கலக்கப்பட்டிருந்தது என்று முதல் வரியில் எழுதிவிட்டுத் தொடரவும். தேநீரில் என்று எழுதுகிறவர்கள் அட்டைப்படத்தைத் தாண்டவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.