பத்துக் கோரிக்கையில் பெண்களுக்கு எத்தனை?

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் 234 சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். உங்கள் தொகுதியில் நெடுநாளாகத் தீராமல் கிடக்கும் முக்கியமான 10 கோரிக்கைகளை வரிசைப்படுத்தி மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பாகுபாடு கிடையாது.

இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் சேர்ந்த பழைய வேலூர் மாவட்டத்தில் 13 தொகுதிகள். தொகுதிக்குப் பத்து என்றால் 130 கோரிக்கைகள். சாலை, பாலம், பேருந்து நிலையம், தடுப்பணை எல்லாம் கேட்டிருப்பார்கள், கேட்கவும் வேண்டும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த 130-இல் பெண்களின் உடல்நலத்துக்காக, பிரசவத்துக்காக, கருத்தடைக்காக, கருக்கலைப்புக்காகக் கேட்கப்பட்டவை எத்தனை?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். நம் எம்.எல்.ஏ.க்கள் பெண்கள் விஷயத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று அவர்கள் சட்டமன்றத்தில் போட்ட ஓட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் எந்த உறுப்பினர் கருக்கலைப்புச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார், எவர் எதிர்த்தார் என்று பட்டியல் போட்டு வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். இங்கே 1985-இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடா சொன்னபடிதான் கை தூக்க வேண்டும். அதனால் ஓர் உறுப்பினரின் மனது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் வேறு இடங்களில் பார்க்க வேண்டும்: கேள்வி நேரத்தில் என்ன கேட்டார், சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் என்ன பேசினார், ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியை எதற்குக் கொடுத்தார், அந்தப் பத்துக் கோரிக்கையில் எதை எழுதினார்.

"அதெல்லாம் டெல்லி பார்க்க வேண்டியதுங்க" என்று ஒரு கட்சி நிர்வாகி என்னிடம் சொன்னார். பாதிதான் சரி. கருக்கலைப்புச் சட்டம் மத்திய அரசுடையது. ஆனால் பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. குடும்பக் கட்டுப்பாடு பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்கேன் எடுக்க ஆள் இருக்கிறாரா, பெண் டாக்டர் இருக்கிறாரா, ராத்திரியில் நர்ஸ் இருக்கிறாரா என்பதெல்லாம் கோட்டையில் முடிவாகிறவை.

தமிழ்நாடு செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கில் ஒரு லட்சம் குழந்தை பிறந்தால் இங்கே இறக்கும் தாய்மார்கள் 54 பேர், இந்தியா முழுவதற்கும் 97. கேரளத்தில் 19 என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம். இது இரண்டு கழக ஆட்சிகளும் சேர்ந்து உருவாக்கியது. தெருத்தெருவாக நடந்து கர்ப்பிணிகளுக்கான பிக்மி பதிவு எண் பதிந்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, தேதி தவறினால் வீட்டுக்கே வந்து திட்டும் நர்சம்மாக்களுக்குத்தான் பெரும்பங்கு போக வேண்டும். ஆனால் அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு அறுபதுக்கும் மேல். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஆண்கள் நூற்றில் ஒருவர்கூடத் தேறமாட்டார்கள். இந்த எண்களைப் பற்றி எங்கள் பகுதி உறுப்பினர் ஒருவர் சட்டமன்றத்தில் எழுந்து பேசினார் என்று எனக்கு யாராவது காட்டினால் மகிழ்ச்சியோடு இங்கேயே பகிர்கிறேன்.

மலைக்கு வருவோம். அணைக்கட்டுத் தொகுதியில் ஜார்தான்கொல்லை, பீஞ்சமந்தை, பாலாம்பட்டு என்று மலை ஊராட்சிகள் இருக்கின்றன. திருப்பத்தூர் பக்கம் புதூர்நாடு. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒரு குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் இறக்கிவிட, அந்தத் தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலையேறினாள். நாடே பார்த்தது. அதே பாதையில்தான் நிறைமாதப் பெண்களைத் துணியில் கட்டித் தூக்கி வந்தார்கள். பனிக்குடம் உடைந்த பிறகு மலையிறங்குவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே சாலை கேட்ட எம்.எல்.ஏ. பெண்களுக்காகவும்தான் கேட்டிருக்கிறார், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாலை வந்தாலும் அதோடு முடிந்துவிடாது. பேறுகாலத்துக்குச் சில நாள் முன்பே வந்து தங்க அடிவாரத்தில் அறை வேண்டும். கூட வரும் மாமியாருக்கும் மூத்த குழந்தைக்கும் சாப்பாடு வேண்டும். இல்லையென்றால் யாரும் வரமாட்டார்கள்.

மலையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் தருகிறார்கள், 14,000 பணம், 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். நல்ல திட்டம். ஆனால் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். பதினேழு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு அந்தப் பணம் கிடையாது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கத்தான் இந்த விதி என்பார்கள். கட்டிக்கொடுத்தது அப்பா, கட்டிக்கொண்டது மாப்பிள்ளை, சத்துமாவு இல்லாமல் போவது அந்தப் பெண்ணுக்கு. இதில் என்ன நியாயம்?

அந்த வயதுப் பெண் கர்ப்பமானால் ஆஸ்பத்திரிக்கு வரவே பயப்படுகிறாள். வந்தால் போக்சோ வழக்கு, போலீஸ் என்று வீட்டில் மிரட்டி வைத்திருப்பார்கள். 18 வயதுக்குக் குறைந்த பெண் கருக்கலைப்புக்கு வரும்போது, அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் டாக்டர் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் இது அந்த வீடுகளுக்குத் தெரியாது. பிறகு என்ன நடக்கும்? மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் மாத்திரை, அளவு தெரியாமல் ரத்தப்போக்கு, கடைசி நேரத்தில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓட்டம்.

நான் முப்பது வருடத்துக்குப் பக்கமாகப் பள்ளியில் வேலை பார்த்தவள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இரண்டு குழந்தைக்காரி, மூன்றாவது தரித்தபோது வேண்டாம் என்று முடிவு செய்து ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனாள். கணவன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். அவன் வந்து சேர்வதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. வந்தபோது, கூடவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்டால்தான் கலைப்போம் என்றார்கள். என்னிடம் அவள் இதைச் சொன்னபோது கோபப்படக்கூட இல்லை, இப்படித்தான் இருக்கும்போல என்கிற மாதிரி சொன்னாள். எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1971-இலேயே வந்த சட்டம் அது. பதினெட்டு நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கணவன், மாமியார், அப்பா யாருடைய கையெழுத்தும் சட்டப்படி தேவையில்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், குறிப்பிட்ட சூழ்நிலைகளில் இருக்கிற பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள். அந்தச் சூழ்நிலைகளில் கல்யாணமாகாத பெண்ணும் அடங்குவாள் என்று மேலே சொன்ன அதே 2022 தீர்ப்பு சொல்கிறது. ஆபரேஷன் செய்துகொண்டால்தான் கலைப்போம் என்று நிபந்தனை போட எந்த விதியிலும் இடமில்லை. இவ்வளவையும் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் எழுதி ஒவ்வோர் அரசு, தனியார் மருத்துவமனை வாசலிலும் மாட்ட என்ன செலவாகும்? ஆண் பெண் கண்டறிதல் குற்றம் என்ற பலகை எல்லா ஸ்கேன் சென்டரிலும் தொங்குகிறதே. அது அவசியம், இந்தப் பக்கத்தில் பெண் சிசுக்களை இழந்த வரலாறு நமக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பலகையை மட்டும் பார்த்துப் பார்த்து, கருக்கலைப்பே குற்றம் என்று பல பெண்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சரிசெய்யச் சொல்லிச் சட்டமன்றத்தில் ஒரு கேள்வி எழுப்ப எந்தக் கொறடாவும் தடுக்கப்போவதில்லை.

அப்புறம் வேலை பார்க்கிற பெண்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் உள்ளே தைக்கிறவர்களில் பெண்கள் எவ்வளவு பேர் என்று காலை ஷிப்ட் பஸ்ஸைப் பார்த்தாலே தெரியும். கம்பெனிப் பதிவேட்டில் பெயர் இருந்தால் மகப்பேறு விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தபடி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வீட்டுக்கு வாங்கி வந்து ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கிறவளுக்கும், குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் பீடி சுற்றிப் பிழைக்கிறவளுக்கும் பிரசவத்துக்கு முந்தின நாள்வரை உட்கார்ந்தே வேலை. அரசு ஊழியருக்கு 12 மாதம். அதிலும் இரண்டு குழந்தைக்கு மேல் கிடையாது என்றொரு விதி இருந்தது. தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மறுமணத்துக்குப் பிறகு பெற்ற குழந்தைக்கு விடுப்பு கேட்டார். முதல் திருமணத்தில் ஏற்கனவே இரண்டு குழந்தைகள் என்று மறுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே 23-இல்தான் மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று தீர்ப்பு வாங்கினார். நம் சட்டமன்றம் கேட்க வேண்டிய கேள்வியை ஓர் ஆசிரியை தனியாக வக்கீல் வைத்துக் கேட்டிருக்கிறார். எனக்கு அந்தப் பெண்மணியை நேரில் பார்த்துக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது.

இரண்டுக்கு மேல் விடுப்பில்லை என்று விதி வைத்திருந்த அதே மாநிலத்தில், மக்கள்தொகையை வைத்துச் செய்யும் தொகுதி மறுவரையறையில் எம்.பி. இடங்கள் குறையும் என்பதற்காக, உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று 2025 மார்ச்சில் நாகப்பட்டினம் திருமண மேடையில் முதலமைச்சர் சொன்னார். மறுவரையறையில் தென்மாநிலங்களுக்கு அநியாயம் நடக்கக்கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கணக்கைப் பெண்ணின் வயிற்றில் வைத்துப் போடாதீர்கள். பக்கத்தில் எல்லையைத் தாண்டிச் சித்தூர் போனால், இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்று முப்பது வருடம் வைத்திருந்த சட்டத்தை ஆந்திரம் 2024 நவம்பரில் நீக்கியது. அப்போது பெறாதே, இப்போது பெறு. இரண்டு தடவையும் எத்தனை வேண்டும் என்று அவளை யாரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்பதிலும் இருக்கிறது. 2021 தேர்தலில் வென்ற 234 பேரில் பெண்கள் 12 பேர். எங்கள் 13 தொகுதிகளில் ஒரே ஒருவர், குடியாத்தத்தில் வென்ற அமுலு விஜயன். பெண்ணாக இருந்தாலே எல்லாம் பேசிவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நமக்கு முன்மாதிரி உண்டு. 1920-களின் கடைசியில் சென்னை மாகாணச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து தேவதாசி முறையை எதிர்த்தார், பெண்ணின் திருமண வயதை உயர்த்தச் சொன்னார். வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918. பெண்ணைத் தொட்டு வைத்தியம் பார்க்கப் பெண் டாக்டர் வேண்டும் என்ற வாதம் நூறு வருடத்துக்கு முன்பே இந்த ஊரில் ஜெயித்துவிட்டது.

நல்லது நடந்தால் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தை முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் இருந்தன. மார்பகம், கருப்பைவாய் இரண்டையும் பார்க்கிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பெண் பிள்ளைகளுக்குப் போட 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நம் எம்.எல்.ஏ.க்கள் சமுதாய வளைகாப்புக்கு வந்து சீர்த்தட்டு கொடுப்பதுபோல, அந்தப் பரிசோதனை முகாம்களுக்கும் வந்து, வீட்டு ஆண்களிடம் "பொம்பளைங்கள அனுப்புங்க" என்று சொன்னால் கூட்டம் வரும். அவர்கள் சொல்லுக்கு ஊரில் மதிப்பிருக்கிறது.

சரி, நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று ஆட்சியர் அலுவலகங்களுக்கும் மனு எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது. உங்கள் மாவட்டத் தொகுதிகளில் 2022-இல் தரப்பட்ட பத்துக் கோரிக்கைகளின் நகல், தொகுதி மேம்பாட்டு நிதியில் மருத்துவமனைகளுக்கும் துணை சுகாதார நிலையங்களுக்கும் போன தொகை, ஆண்டு வாரியாக. 30 நாளில் பதில் தர வேண்டும். வருவதைத் தொகுதி வாரியாக அப்படியே இங்கே போடுகிறேன், எந்தக் கட்சி என்று பார்க்கமாட்டேன். திருவண்ணாமலை மாவட்டத் தோழிகள் யாராவது உங்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கும் இதே மனுவைப் போட்டால் பழைய வட ஆற்காடு முழுவதும் சேர்ந்துவிடும். மனுவின் வாசகம் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.