காற்றை மட்டும் குறை சொன்னால் எப்படி?

புறப்படும்போது பலத்த காற்று சிறிய விமானத்தைத் தூக்கி அடித்துவிட்டது என்று விபத்து பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சீரான காற்று நேர் எதிரே வீசினால் அது விமானிக்கு உதவிதான், எழும்புமுன் தரையில் ஓடும் தூரம் குறையும். வம்பு பண்ணுவது விட்டுவிட்டு வீசும் காற்று.

செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 55 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் மூக்கைத் தூக்குவார்கள், 48-க்குக் கீழே போனால் (முழு எடையில், இறக்கையின் பின்விளிம்பு மடலான ஃபிளாப்பை இறக்காதபோது) இறக்கை விமானத்தைத் தாங்காது. நடுவில் இருப்பது வெறும் 7 நாட். திடீரென எதிர்க்காற்று வலுத்ததும் வேகமானி முள் எகிறும், சக்கரம் லேசாகும், விமானியும் கட்டுப்பாட்டுப் பிடியை இழுத்துவிடுவார், அடுத்த நொடி காற்று 10 நாட் தணிந்தால் அந்த வேகம் அப்படியே காணாமல் போய், தரையிலிருந்து பத்துப் பதினைந்து அடியில் ஒரு பக்க இறக்கை சரியும். அந்த உயரத்தில் மீட்க இடம் ஏது?

அதனால்தான் இப்படிப்பட்ட நாளில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகம் வரும்வரை தரையிலேயே ஓடவிட்டு, அப்புறம் தயங்காமல் எழச் சொல்கிறார்கள். குறுக்குக் காற்று என்றால் ஐலரானை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) காற்று வரும் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும், வேகம் ஏற ஏறத் தளர்த்த வேண்டும். பலர் ஆரம்பத்தில் பிடிப்பதோடு சரி, பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, விமானத்தின் கையேட்டில் உள்ள 15 நாட் குறுக்குக் காற்று என்பது சோதனையில் செய்து காட்டிய அளவு, சட்ட வரம்பு அல்ல. அதைச் சாக்காக வைத்து 20-இல் கிளம்புகிறவர்களும் உண்டு. ஹேங்கர் (விமானக் கொட்டகை), மரவரிசையைத் தாண்டும்போது காற்று எப்படிப் புரளும் என்பது எந்தக் கையேட்டு எண்ணிலும் இல்லை.