முதல் பயணம் டெல்லிக்குத்தான்

தம்பி, "அநுர வென்றதும் முதலில் ஓடியது சீனாவுக்கு, இந்திய ஊடகங்கள் சொன்னது சரி, மார்க்சியவாதி என்பது மட்டும் மேற்கு ஊடகங்கள் கட்டிய கதை" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே பிழை.

அநுர குமார திசாநாயக்க இலங்கை ஜனாதிபதியாக 2024 செப்டம்பர் 23இல் பதவியேற்றார். முதல் வெளிநாட்டுப் பயணம் டிசம்பர் நடுவில், டெல்லிக்கு. பீஜிங் போனது 2025 ஜனவரியில். அதற்கும் முன்னால், 2024 பெப்ரவரியிலேயே இந்திய அரசு அவரைக் கூப்பிட்டுப் பேசியிருந்தது. 'சீனாவின் ஆள்' என்று தலைப்புப் போட்டால் இதையெல்லாம் எங்கே வைப்பது?

மார்க்சியவாதி என்ற பெயரும் வெளியார் ஒட்டியதல்ல. 1965இல் ரோகண விஜேவீர அவருடைய கட்சியான ஜே.வி.பி.யை (மக்கள் விடுதலை முன்னணி) தொடங்கியதே மார்க்சிய‑லெனினியக் கட்சியாகத்தான். என் குறை வேறு: அந்த ஒரு சொல்லோடு நிற்கிற செய்தியில், அநுர சர்வதேச நாணய நிதியத் திட்டத்தைத் தொடர்ந்தார் என்பது காணாமல் போய்விடும்.

அப்புறம், நீங்கள் பகிர்ந்த 'தமிழர் எல்லாரும் அநுர பக்கம்' என்ற வெளிநாட்டுச் செய்தி. யாழ்ப்பாணத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள் போல. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் அநுரவின் கூட்டணியான தேசிய மக்கள் சக்தி 22 மாவட்டங்களில் 21இல் முதலிடம். மிச்சமான ஒன்று நம்ம மட்டக்களப்பு; இங்கே தமிழரசுக் கட்சிக்கு மூன்று ஆசனம், அவர்களுக்கு ஒன்று. கல்லடிப் பாலத்தடியில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.