பத்துச் சித்தாள் கூலி

ஆவணியில் எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டோம். வந்தவாசிப் பக்கம் ஊர். 700 சதுர அடி. அன்றைக்கு மட்டும் எண்பது மூட்டை சிமெண்ட், மூட்டை 400 ரூபாய். சாயங்காலம் பில்லை விரித்துக் கணக்குப் பார்த்தபோதுதான் உறைத்தது. சரக்கின் விலை 312 ரூபாய் 50 காசு. மீதி 87 ரூபாய் 50 காசு ஜி.எஸ்.டி., அப்போது 28%. எண்பது மூட்டைக்கு ஏழாயிரம் ரூபாய். வெயிலில் சட்டி சுமந்த சித்தாளுக்கு நான் கொடுத்த கூலி 700. பத்துச் சித்தாள் கூலி வரியாகவே போயிருக்கிறது.

அந்தச் சிமெண்டுக்குப் பணம் வந்தது மனைவியின் ஆரத்தை அடகு வைத்து. ஆரம் வாங்கியபோது கட்டிய ஜி.எஸ்.டி. 3%. கழுத்தில் கிடந்தவரை மூன்று, தளமாக மாறியதும் இருபத்தெட்டு!

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு 18% ஆக்கிவிட்டார்கள். நல்லதுதான், மறுக்கவில்லை. ஐப்பசியில் பூச்சு வேலைக்கு மூட்டை 370 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆனால் கம்பி, ஒயர், டைல்ஸ், பெயின்ட் எல்லாம் அதே 18-இல்தான் நிற்கின்றன. மனையைப் பதியும்போது முத்திரைத்தாள் 7%, பதிவுக்கட்டணம் 2% என்று மாநில அரசுக்குக் கட்டியது தனி.

சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்கிய நண்பன், "எனக்கு ஜி.எஸ்.டி. ஒரே ஒரு சதவீதம்தான்" என்று பெருமையாகச் சொன்னான். பாவம். 2019 ஏப்ரல் முதல் அந்தக் கட்டுமான நிறுவனங்கள், பொருள்களுக்குக் கட்டிய வரியை, வீடு விற்று வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. கழிக்க முடியாத வரியை அவர்கள் கைக்காசிலிருந்தா போடுவார்கள்? சதுர அடி விலைக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. கட்டி முடித்த வீட்டுக்கு ஜி.எஸ்.டி.யே இல்லை என்று விளம்பரம் செய்வதும் இந்த அழகில்தான்.

அந்த ஒரு சதவீதமும் எல்லோருக்கும் இல்லை. விலை 45 லட்சத்துக்குள், சென்னையில் சுவர்களுக்குள் இருக்கும் பரப்பு (கார்ப்பெட் ஏரியா) 60 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். 2019-இல் போட்ட கோடு. மனை விலை எங்கேயோ போய்விட்டது, கோடு நகரவில்லை. 45 லட்சம் என்றால் வரி 45,000. 46 லட்சம் ஆனால் 5%, அதாவது 2,30,000. அதற்கு மேல் ஐந்து கோடி ரூபாய் பங்களாவாக இருந்தாலும் அதே 5%தான். நியாயம் என்ற சொல்லை இதற்குப் பக்கத்தில் எப்படி வைப்பது?

என்னைப் போல மூட்டை மூட்டையாக வாங்கிக் கட்டுகிறவனுக்கு அந்த ஒன்றும் இல்லை, ஐந்தும் இல்லை. கூலி ஒப்பந்தத்துக்கு வரி இல்லை என்பது மட்டுமே ஆறுதல். மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்ட ஏழைக்கு 3.5 லட்சம் கொடுக்கிறார்கள். அந்தத் தொகைக்குள் வரும் சிமெண்டுக்கும் கம்பிக்கும் வரி திரும்பிப் போகிறது, ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்குவதுபோல. பிரிட்டனில் தன் வீட்டைத் தானே கட்டுகிறவர் பொருள்களுக்குக் கட்டிய வாட் வரியைத் திரும்பக் கேட்டு வாங்கலாம். முதல் வீட்டுக்காவது, ஓர் அளவு வரைக்குமாவது இங்கும் அப்படிச் செய்தால் என்ன? பில்தான் கையில் இருக்கிறதே.

பில் என்றதும் நினைவுக்கு வருகிறது. நேற்று டைல்ஸ் எடுக்கப் போனேன். "பில் போடவா, வேண்டாமா?" என்றார் கடைக்காரர், காபி வேண்டுமா என்று கேட்பதுபோல. போடச் சொன்னேன். வீட்டுக்கு வந்து தொகையைச் சொன்னதிலிருந்து மனைவி பேசவில்லை.