பொத்தானுக்கு 5 வோல்ட் வேண்டாம்

மேலே ஒரு நண்பர், ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறிய கணினிப் போர்டை வைத்துச் சண்டை விளையாட்டு ஜாய்ஸ்டிக் செய்பவர்கள் ஒவ்வொரு பொத்தானுக்கும் 5 வோல்ட்டும் தனித்தனி கிரவுண்ட் (0 வோல்ட்) கம்பியும் கொடுக்க வேண்டும் என்றும், ஒரே கிரவுண்ட் கம்பியைப் பொத்தானுக்குப் பொத்தான் தொடராக இணைத்தால் அழுத்தம் தாமதமாகப் பதிவாகும் என்றும் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள்.

பிக்கோவின் உள்ளீட்டு முனைகள் 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட் பட்டால் சிப் கெட்டுவிடக்கூடும். பொத்தானுக்கு மின்சாரமே தர வேண்டியதில்லை. பிக்கோவை ஜாய்ஸ்டிக்காக இயக்கும் ஜிபி2040-சிஇ மென்பொருள், சிப்புக்குள் இருக்கும் மின்தடை வழியாக ஒவ்வொரு முனையையும் 3.3 வோல்ட்டில் நிறுத்தி வைக்கிறது. அழுத்தும்போது பொத்தான் அதைக் கிரவுண்டோடு சேர்க்கிறது, அவ்வளவுதான். அந்த மின்தடை 50 முதல் 80 கிலோ ஓம் வரை இருப்பதால் ஒரு பொத்தானில் ஓடுவது 0.07 மில்லி ஆம்பியருக்கும் குறைவு. பன்னிரண்டு பொத்தான்கள் இருந்தாலும் ஒரே கிரவுண்ட் கம்பி தாராளமாகப் போதும். தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சான்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் ஜாய்ஸ்டிக்கின் ஐந்து கம்பிகளைப் பாருங்கள்: நான்கு திசைகளுக்கு நான்கு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே கிரவுண்ட்.

தொடர் இணைப்பில் ஒரு குறை உண்மையிலேயே உண்டு. நடுவில் பொத்தானில் செருகிய ஒரு கம்பி இணைப்பு கழன்றால் அதற்குப் பின்னால் உள்ள பொத்தான்கள் அனைத்தும் செத்துவிடும். எனது முதல் பெட்டியில் இதைத் தேடியே ஒரு மாலை போயிற்று. கம்பியின் இரு நுனிகளையும் போர்டிலேயே வளையமாக இணைத்துவிட்டால் ஓரிடத்தில் விட்டாலும் மறுபக்கம் காப்பாற்றும். சான்வா பொத்தான்களுக்கு 2.8 மில்லிமீட்டர் செருகு இணைப்புகளையே வாங்குங்கள், 4.8 மில்லிமீட்டர் இணைப்பு தளர்ந்து கழன்றுவிடும்.